தோட்டத்துப் பெரிய பங்களா: யார் கட்டியது, எப்போது கட்டியது?

இலங்கை மலையகத்தில் அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட பங்களாவில் தங்கியிருக்கிறீர்கள். வாசல் பலகையில் '1873-இல் கட்டப்பட்ட விக்டோரியன் மாளிகை' என்று எழுதியிருக்கிறது. அது உண்மையா, கட்டியது யார், இந்தப் பாணிக்கு என்ன பெயர் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், உங்கள் தாத்தா அந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து, தோட்டத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் கூடலூர் வந்தவர் என்றும் சொல்கிறீர்கள். ஆகவே பலகையில் உள்ளதில் எவ்வளவு நம்பலாம், அதில் சொல்லாமல் விட்டது என்ன என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். மலையகத்துப் பழைய கட்டடங்களை அளந்து வரைபடம் போடுவது என் தொழில். பங்களாக்களின் கூரைக்குள் ஏறி, சிலந்தி வலையோடு இறங்கிய அனுபவம் நிறைய உண்டு. ஆனால் நீங்கள் தங்கிய வீட்டை நான் பார்த்ததில்லை. அந்த வகை வீடுகளைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் பங்களாவுக்கு எது பொருந்தும் என்று நீங்களே வைத்துப் பார்க்கலாம்.

முதலில் அந்த 1873. அது வீட்டின் வயதாக இருக்க வாய்ப்புக் குறைவு. தோட்டம் திறந்த ஆண்டையே பங்களாவின் ஆண்டாகப் போட்டுக்கொள்வது இங்கே பரவலான வழக்கம். டிக்கோயா, மஸ்கெலியா, டிம்புள பகுதிகளில் காடு வெட்டித் தோட்டம் திறந்தது பெரும்பாலும் 1860-களிலும் 70-களிலும்தான். அந்த வகையில் 1873 பொருத்தமான ஆண்டு. ஆனால் அன்று அங்கே நட்டது தேயிலை இல்லை, காப்பி. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டது 1867-இல். அதற்கு இரண்டு வருடம் கழித்து, 1869-இல், காப்பி இலையில் துரு நோய் கண்டது. ஆனாலும் காப்பி உடனே விழுந்துவிடவில்லை. விலை நன்றாக இருந்ததால் 1870-கள் முழுக்கப் புதிது புதிதாகக் காடு வெட்டிக் காப்பி நட்டுக்கொண்டே போனார்கள். பலகையில் உள்ள ஆண்டு சரியென்றே வைத்தாலும், அந்த ஆண்டில் அந்த மேட்டில் நின்றது பெரும்பாலும் ஒரு காப்பித் துரையின், அதாவது தோட்டம் நடத்திய வெள்ளைக்காரரின், குடிசையாகத்தான் இருந்திருக்கும். நீங்கள் தங்கிய வீடாக இருக்காது.

குடிசை என்பதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. காப்பிக் காலத்துத் துரைகளில் பலர் ஸ்காட்லாந்திலிருந்து வந்த, இருபது வயது கூட ஆகாத, கல்யாணமாகாத பையன்கள். டெய்லர் 1852-இல் வந்தபோது அவருக்குப் பதினாறு, பதினேழு வயதுதான். வரிச்சுக் கட்டி மண் பூசிய சுவர், மேலே மானாப்புல், கீழே சாணி மெழுகிய தரை, அல்லது மரக்கட்டை அடுக்கிய சுவர்: இவைதான் முதல் பங்களாக்கள். லூல்கந்துரையில் டெய்லர் இருந்த வீட்டில் இன்று பார்க்கக் கிடைப்பது ஒரு கல் புகைபோக்கியும் அடித்தளத்தின் தடயங்களும்தான். அந்த வீட்டு விறாந்தையில்தான் இலங்கையின் ஆரம்பத் தேயிலை தயாரானது. மேசையில் கொழுந்தைப் போட்டு மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அழுத்தி உருட்டி, கரி போட்ட மண் அடுப்புகளின் மேல் கம்பித் தட்டில் காயவைத்திருக்கிறார்கள். தனியாக ஒரு ஸ்டோர், அதாவது தேயிலை ஆலை, வந்தது 1872-இல். இருக்க வீடு, வேலை செய்ய ஆலை, கணக்குப் பார்க்க ஆபீஸ் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்த காலம் அது. மாளிகை என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

மாளிகை வந்தது காப்பி செத்த பிறகு. 1880-களின் தொடக்கத்தில் துரு நோயும் கடனும் சேர்ந்து சொந்தத் தோட்டக்காரர்களைக் கவிழ்த்தன. அவர்களுக்குக் கடன் கொடுத்துவந்த ஓரியண்டல் வங்கியும் 1884-இல் மூடியது. மலிந்து கிடந்த தோட்டங்களை லண்டனில் பதிவான ஸ்டெர்லிங் கம்பெனிகளும் கொழும்பு ஏஜென்சி நிறுவனங்களும் வாங்கி, பக்கத்துத் தோட்டங்களோடு ஒட்டிப் பெரிதாக்கித் தேயிலை போட்டன. காப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில் மட்டும்தான் ஆள் நிறையத் தேவை. தேயிலைக்கு வருடம் முழுக்கத் தேவை. தமிழ்நாட்டிலிருந்து வந்து போய்க்கொண்டிருந்த சனம் குடும்பத்தோடு லயத்தில் நிலைத்தது அதனால்தான். துரைக்கும் அதே கதைதான். ரயில் நாவலப்பிட்டிக்கு 1874-இல் வந்தது. அட்டனைத் தாண்டி நானுஓயாவுக்கு 1885-இல் போனது. அதன்பிறகு கண்ணாடி, தகரம், இரும்பு உத்திரம், குளியல் தொட்டி, பியானோ, துரைசானி எல்லாம் மேலே ஏறி வர முடிந்தது. அட்டன் பக்கத்தில் இன்று நிற்கும் பெரிய பங்களாக்களின் உடம்பில் பெரும்பகுதி 1885-க்கும் 1935-க்கும் இடைப்பட்டது என்பது என் கணிப்பு. கட்டடங்களைப் பார்த்துச் சொல்வதுதான் இது. விதிவிலக்கு இருக்கும். குறிப்பாக, பின்பக்கத்தில் ஒரு பழைய அறையோ குதிரை லாயமோ காப்பிக் காலத்துச் சுவரோடு ஒளிந்திருப்பது உண்டு.

இதிலிருந்து வரும் இன்னொரு விஷயத்தைப் பலகைகள் சொல்வதேயில்லை. அந்த வீடு பெரும்பாலும் எந்தத் துரைக்கும் சொந்தமில்லை. தோட்டத்தை நிர்வகித்த பெரியதுரை சம்பளக்காரர், பங்களா அவருக்குக் கம்பெனி கொடுத்த குவார்ட்டர்ஸ். சில வருடத்தில் மாற்றலாகிப் போவார், அடுத்தவர் வருவார். ஒரு அறை கூட்டவேண்டும் என்றாலும் வருடாந்த எஸ்டிமேட்டில் போட்டு, கம்பெனி சார்பில் தோட்டத்தைச் சோதிக்கும் விசிட்டிங் ஏஜென்ட் வந்து பார்த்து, கொழும்பு ஆபீஸ் ஒப்புக்கொண்டால்தான் நடக்கும். ஆகவே 'இன்னார் கட்டிய வீடு' என்று ஒரு பெயரைச் சொல்வது பெரும்பாலும் விளம்பரத்துக்காக. ஒரு துரை விறாந்தைக்குக் கண்ணாடி போட்டிருப்பார், அடுத்தவர் வலது பக்கம் ஒரு படுக்கையறை இழுத்திருப்பார், தேயிலை நல்ல விலை போன ஒரு வருடத்தில் முன்னால் கார் நிறுத்தப் போர்ட்டிகோ வந்திருக்கும். தேயிலை வியாபாரி லிப்டன் படுத்த கட்டில் என்று காட்டும் வீடுகளும் இருக்கின்றன. அவர் 1890-இல் வந்ததும், அப்புத்தளைப் பக்கம் தம்பேதென்னைத் தோட்டத்தை வாங்கியதும் உண்மை. கட்டில்களுக்கு நான் பொறுப்பில்லை.

வயதைக் கட்டடமே சொல்லும், கேட்கத் தெரிந்தால். கூரைக்குள் ஏற விட்டால் டார்ச் அடித்துச் சட்டங்களைப் பாருங்கள். கைவாளால் குழியில் நின்று அறுத்த மரத்தில் வாள் தடம் நேர்கோடாக, ஆனால் ஒழுங்கில்லாமல் இருக்கும். வட்ட வாளால் அறுத்ததில் வில் போல வளைந்திருக்கும். சதுரக் கழுத்துள்ள ஆணி பழையது, உருண்டைக் கம்பி ஆணி பிந்தியது. கூரை மிகச் சரிவாக இருந்து மேலே தகரம் கிடந்தால், முதலில் புல் வேய்ந்த கூரையாக இருந்திருக்குமோ என்று சந்தேகப்படலாம். புல்லுக்குத்தான் அவ்வளவு சரிவு வேண்டும். இரும்பு உத்திரத்தில் 'டோர்மன் லாங்' என்ற இங்கிலாந்து இரும்புக் கம்பெனியின் முத்திரை இருந்தால் அந்தப் பகுதி 1880-களுக்கு முந்தியதாக இருக்க முடியாது. ஓடு வேய்ந்த பகுதி இருந்தால் கவனம். மங்களூர் பாசல் மிஷன் ஓடுகளின் அடியில் 1865 என்று அச்சிட்டிருக்கும். அது அந்த ஓட்டுச்சூளை தொடங்கிய ஆண்டு. பல பத்தாண்டுகள் கழித்து வார்த்த ஓட்டிலும் அதே எண்தான் இருக்கும். இதைப் பிடித்துக்கொண்டு '1865-இல் கட்டிய வீடு' என்று எழுதியவர்கள் உண்டு.

பாணியின் பெயர் கேட்டீர்கள். விக்டோரியன் என்றால் விக்டோரியா அரசி இருந்த காலம், 1837 முதல் 1901 வரை. அதைத் தாண்டி அந்தச் சொல் இந்த வீடுகளைப் பற்றி அதிகம் சொல்லாது. ஆர்க்கிடெக்ட் பெயர் தெரிந்த தோட்ட பங்களா மிகக் குறைவு. எல்லோருக்கும் மனதில் வருவது அப்புத்தளை அடிஷம். அது சர் தாமஸ் வில்லியர்ஸ் 1931-இல் கட்டியது. கென்ட் மாவட்டத்தில் தான் பிறந்த ஊரின் பெயரை வைத்தார். கல் சுவரும் டியூடர் காலத்து அரண்மனை மாதிரி முகப்புமாக இருக்கும். ஆனால் அவர் தோட்டத்துக் குவார்ட்டர்ஸில் குடியிருந்த பெரியதுரை இல்லை, ஜார்ஜ் ஸ்டூவர்ட் கம்பெனியின் தலைவர். தன் பணத்தில், தன் ஆசைக்குக் கட்டினார். இப்போது அது பெனடிக்டின் துறவிகளின் மடம். அடிஷத்தை அளவுகோலாக வைத்துத் தோட்ட பங்களாக்களைப் பார்த்தால் எல்லாமே அரைகுறையாகத்தான் தெரியும். முகப்பில் கறுப்புச் சட்டமும் வெள்ளைச் சாந்துமாக நுவரெலியாப் பக்கம் காண்பதும் பெரும்பாலும் ஒட்டுவேலை. சுவரைத் தாங்குவது கல்லும் செங்கல்லும். அந்தச் சட்டம் அழகுக்கு.

என்னைக் கேட்டால், பெயரை விட்டுவிட்டு மழையைப் பாருங்கள். அட்டன், மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை சாத்து சாத்தென்று சாத்தும். இந்தியச் சமவெளி பங்களாவின் திறந்த விறாந்தை வெயிலுக்குச் செய்தது. அதை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்தார்கள், ஒரு மழைக்காலத்தில் புத்தி வந்தது. அதனால்தான் மேற்குச் சரிவு பங்களாக்களில் விறாந்தையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அடைத்திருப்பார்கள். காற்றடிக்கும் பக்கம் சவுக்கும் சைப்ரஸும் வேலியாக நிற்கும். மலையின் கிழக்கே ஊவாப் பக்கம் போனால் அதே காலத்தில் காய்ந்து கிடக்கும். அங்கே திறந்த விறாந்தைகள் அதிகம் தப்பியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். தகரக் கூரைக்குக் கீழே பலகை சீலிங் இருப்பதும் ஆடம்பரத்துக்காக இல்லை. அது இல்லாவிட்டால் மழை இரைச்சலில் எதிரில் இருப்பவர் பேசுவது கேட்காது, விடியற்காலையில் தகரத்தில் பனி வேர்த்துச் சொட்டும். வெளியே அரைவட்டமாகத் துருத்திய ஜன்னல்கள் காலை வெயிலைப் பிடிக்க. கணப்பு குளிருக்கு மட்டுமில்லை. இந்த ஊரில் புத்தகமும் தோல் செருப்பும் பூசணம் பிடிக்காமல் இருக்க வீட்டுக்குள் நெருப்பு வேண்டும்.

இனி, விருந்தாளிகளுக்குக் காட்டாத பக்கம். நீங்கள் தங்கிய அறையின் குளியலறையை நினைவுபடுத்திப் பாருங்கள். அதற்கு வெளியே திறக்கும் இரண்டாவது கதவு ஒன்று இருந்திருக்கலாம். இப்போது ஆணி அடித்து வெள்ளை பூசியிருப்பார்கள், அல்லது அது இருந்த இடம் ஜன்னலாகியிருக்கும். ஃப்ளஷ் வருவதற்கு முன்னால் மலச்சட்டி வைத்த கமோட்தான் இருந்தது. அதை எடுத்துக் கழுவி வைக்கும் வாசல்கூட்டி வீட்டுக்குள் ஒரு அடி கூட வைக்காமல் வந்து போவதற்கு அந்தக் கதவு. அதனால்தான் படுக்கையறைகள் வீட்டின் வெளி ஓரத்தில் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனிக் குளியலறை, ஒவ்வொரு குளியலறைக்கும் பின்பாதையில் ஒரு படி. தோட்டத்தில் அந்த வேலையை எந்தச் சாதிக்காரர்களுக்குக் கொடுத்தார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளைக்காரன் போட்ட பிளானில் நம் ஊர்த் தீண்டாமையும் ஒரு கோடு போட்டிருக்கிறது. குசினி, அதாவது சமையலறை, வீட்டோடு ஒட்டாமல், கூரை போட்ட ஒரு நடையால் சேர்ந்திருக்கும். தீப்பிடிக்கும் பயம், புகை, எண்ணெய் வாசம் என்று காரணம் சொல்வார்கள், அதுவும் நிஜம்தான். குசினிக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் பேன்ட்ரி என்று ஒரு சின்ன அறை. சமையல்காரரான அப்பு சமைத்ததை பட்லர் அங்கே வாங்கி, தட்டில் அடுக்கி உள்ளே கொண்டுபோவார். ஆபீஸ் அறை இருந்த வீடுகளில் அதன் ஜன்னலோ கதவோ பக்க விறாந்தையைப் பார்த்திருக்கும். கங்காணி, கணக்கப்பிள்ளை, குறை சொல்ல வந்த ஆள் எல்லாம் நின்றது அங்கேதான், முன்வாசல் படியில் இல்லை. வாசல்களை எண்ணிக்கொண்டே வந்தால் யார் எந்த வாசலில் நின்றார்கள் என்பது தெரிந்துவிடும்.

வீட்டை விட்டு வெளியே வந்து அது நிற்கும் இடத்தையும் பாருங்கள். மலை முகட்டில் இல்லை. முகட்டில் காற்று அடிக்கும். முகட்டிலிருந்து இறங்கி வரும் ஒரு மேட்டின் மூக்கில் நிற்கும். அங்கிருந்து ஸ்டோர், காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தும் பெரட்டுக்களம், லயங்கள், வரும் பாதை எல்லாம் தெரியும் அல்லது தெரிந்திருக்கும். பிறகு மரம் வளர்ந்து மறைத்திருக்கலாம். விடியும் முன் தப்படித்து ஆளை எழுப்பி, பெரட்டில் நிறுத்தி வேலை பிரித்த காலத்தில், எந்த லயத்தில் இன்னும் புகை எழவில்லை என்பது இந்தப் புல்தரையிலிருந்து தெரியும். ஒரு லயக்காம்பிரா (லயத்து அறை) பொதுவாகப் பத்தடிக்குப் பன்னிரண்டு அடி. முன்னால் ஒரு சின்னத் திண்ணை. ஒரு குடும்பம் முழுவதும் அதற்குள். பல பங்களாக்களின் சாப்பாட்டு அறைக்குள் மட்டும் இரண்டு மூன்று காம்பிரா அடங்கும். பங்களாவும் லயமும் ஒரே தோட்டத்தின் எஸ்டிமேட்டில், ஒரே தகரத்தில் கட்டியவை. இவற்றைத் தனித்தனிப் பாணிகளாகப் பிரித்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

கட்டியது யார்? பெயர் கிடைக்காது, ஆனால் வகை தெரியும். காடு வெட்டுவதைப் பெரும்பாலும் சிங்களக் கிராமத்து ஆட்கள் ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்தார்கள். கல்வேலை, மரவேலை செய்தவர்கள் கீழ்நாட்டிலிருந்து வந்த மேசன் பாஸ், தச்சு பாஸ்மார் (பாஸ் என்றால் தொழில் தெரிந்த மேஸ்திரி). நல்ல தளபாடம் என்றால் மொறட்டுவைத் தச்சர்கள் கை. மேட்டைச் சமமாக்கி மண் வெட்டியது, அதே சரிவில் உடைத்த கருங்கல்லைத் தலையில் சுமந்தது, மரமும் சுண்ணாம்பும் மேலே ஏற்றியது தோட்டத்துத் தமிழ்ச் சனம். அன்றாட வேலையும் கூலியும் எழுதிய செக்ரோல் புத்தகம் தப்பியிருக்கும் தோட்டங்களில் இந்த நாட்கூலி பதிவாகியிருக்க இடமுண்டு. 1972-இலும் 1975-இலும் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், 1992-இல் நிர்வாகம் மறுபடி தனியார் கம்பெனிகளுக்குப் போனபோதும் பழைய புத்தகங்கள் கைமாறின, இடம் மாறின, நிறைய அழிந்தன. பங்களாக்கள் விருந்தினர் விடுதிகளானது அதற்குப் பிறகு. அப்போது போட்ட தரை ஓடு, 'பழங்கால' விளக்கு, மெருகேற்றிய கணப்பு எல்லாவற்றையும் பழையதென்று நம்பிவிடாதீர்கள். ஆணி அடித்த அந்தக் குளியலறைக் கதவுதான் பெரும்பாலும் பழையது.

உங்கள் தாத்தா பக்கம் தேட நினைத்தால் இரண்டு வழி. ஒன்று, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து வெளிவந்த ஃபெர்குசன் டைரக்டரி. தோட்டத்தின் பெயர், ஏக்கர், உடைமையாளர், துரையின் பெயர் வரிசையாக இருக்கும்; பழைய பிரதிகளைக் கொழும்பு தேசிய ஆவணக் காப்பகத்தில் கேட்டுப் பாருங்கள். ஆண்டு ஆண்டாகப் புரட்டினால் காப்பி எப்போது தேயிலையானது, தோட்டம் எப்போது கம்பெனி கைக்குப் போனது என்பது தெரியும். பங்களா கட்டிய ஆண்டு அதில் இருக்காது. லயத்து ஆட்களின் பெயரும் இருக்காது. இரண்டாவது வழி உங்கள் ஊரிலேயே இருக்கிறது. 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று எழுதியது. அப்படி வந்தவர்களில் பலருக்கு வேலை கொடுக்கத்தான் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் திறந்தார்கள். பங்களாவில் அப்புவாக, ஆயாவாக, தோட்டக்காரனாக இருந்தவர்களும் அதில் வந்தார்கள். எந்த அறை எப்போது கூட்டியது, எந்தத் துரை எதை இடித்தான் என்பது ஒரு புத்தகத்திலும் இல்லாமல் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். பெரியவர்கள் யாராவது இருந்தால் இப்போதே கேளுங்கள். வீட்டில் பழைய பாஸ்போர்ட்டோ குடும்ப அட்டையோ இருந்தால் தோட்டப் பெயரும் டிவிஷன் (தோட்டத்தின் உட்பிரிவு) பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். டிவிஷன் பெயர் கிடைத்தால் தேடல் பாதியாகக் குறையும். பங்களாவில் எடுத்த படங்களில் பின்பக்கம், குசினி நடை, கூரையின் ஓரம் தெரிகிற ஏதாவது இருந்தால் போடுங்கள். எந்தப் பகுதி முதலில் வந்தது என்று அதை வைத்து ஓரளவு சொல்லப் பார்க்கிறேன்.